சிறுகதை நம் வீட்டுச் சொத்து என்றிருந்தோம்

இந்திய மொழிகளுக்குள் நாம் ஒரு பாகப்பிரிவினை செய்து வைத்திருந்தோம். எந்தப் பத்திரத்திலும் ஏறாத பிரிவினை. இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடை வாசலில் நின்று பேசிப்பேசியே உறுதியானது. நாவல் வங்கத்துக்கும் மலையாளத்துக்கும். நாடகம் கன்னடத்துக்கு, அதில் மராத்திக்கும் ஒரு பங்கு. தலித் தன்வரலாறு முழுக்க மராத்திக்கு. சிறுகதை மட்டும் நமக்கு. புதுமைப்பித்தன், மௌனி, கு.ப.ரா., கு. அழகிரிசாமி என்று நாலு பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் அடங்கிவிடுவார். அந்த நாலு பேரும் பெரியவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்களைக் காட்டியே பிற மொழிக் கதைகளைப் படிக்காமல் இருந்துவிட்டோம். மராத்திச் சிறுகதையிடம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாம் நடந்துகொண்டது இப்படித்தான்.

1963ஐ எடுத்துக்கொள்வோம். ஜி. நாகராஜனின் 'குறத்தி முடுக்கு' வந்த ஆண்டு. பாலியல் தொழிலாளர்கள் வாழும் சந்து ஒன்றை முகம் சுளிக்காமல், கண்ணீரும் விடாமல் எழுதிவிட்டார் என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். அதே ஆண்டு மும்பையில் பாபுராவ் பாகூலின் முதல் கதைத் தொகுப்பு வந்தது: 'ஜெவ்ஹா மீ ஜாத் சோர்லி ஹோதி', அதாவது 'நான் சாதியை மறைத்தபோது'. பாகூல் நாசிக் பக்கத்துக்காரர்; வளர்ந்தது மாட்டுங்கா லேபர் கேம்பில். தலைமுறை தலைமுறையாக நம் திருநெல்வேலிக்காரர்கள் குடியிருக்கும் தாராவிக்குப் பக்கத்தில்தான் அந்த இடம். இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்து ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம், ஒரு கூட்டம் போட்டிருக்கலாம், குறைந்தபட்சம் எது மேல் என்று ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். நமக்குச் சண்டை போடத் தெரியாதா என்ன.

அந்தத் தலைப்புக் கதையில் இளைஞன் ஒருவனுக்குச் சூரத் அருகே ரயில்வேயில் வேலை கிடைக்கிறது. தங்க இடம் வேண்டும். சாதியைச் சொன்னால் கிடைக்காது. சொல்லாமல் குடியேறுகிறான். அவன் கவிதை எழுதுவான், நன்றாகப் பேசுவான். அந்த வீட்டில் மரியாதை கூடிக்கொண்டே போகிறது. மரியாதை கூடக்கூட அவனுடைய பயமும் கூடுகிறது. கடைசியில் விழப்போகும் அடியை வாசகன் முதல் பக்கத்திலேயே எதிர்பார்க்கிறான். பாகூல் அவசரப்படுவதே இல்லை. அந்த வீட்டு மனிதர்களின் அன்பை விஸ்தாரமாக எழுதுகிறார். அந்த அன்பு உண்மையானது. அடியும் உண்மையானது. ஒன்றை இன்னொன்றின் வேஷம் என்று சொல்லி அவர் தப்பித்துக்கொள்வதில்லை.

'அம்மா' என்ற கதை இதைவிடக் கடுமையானது. வகுப்பில் ஆசிரியர் தாயன்பைப் பற்றிய பாட்டு ஒன்றை உருகி உருகி நடத்துகிறார். ஒரு பையனின் அம்மாவைப் பற்றி மற்ற பையன்கள் கேவலமாகப் பேசுகிறார்கள். அவள் கைம்பெண், கூலி வேலைக்குப் போகிறவள், இன்னும் இளமை மிச்சமிருப்பவள். புருஷன் சந்தேகத்தால் அவளை வதைத்துவிட்டுச் செத்தவன். பையனும் அந்தச் சந்தேகத்தை அப்படியே வாரிசாக எடுத்துக்கொள்கிறான். அவளோ ஒரு கட்டத்தில் மேஸ்திரியின் பக்கம் சாய்கிறாள். அவளைப் புனிதமாக்கி நம்மை அழவைத்திருக்கலாம். பாகூல் அதைச் செய்யவில்லை. அவளுக்கு ஆசை இருக்கிறது என்று எழுதினார். தாய்மையைப் பற்றி மராத்தி நடுத்தர வர்க்கம் கட்டி வைத்திருந்த எல்லாவற்றுக்கும் நேர் எதிரில் கொண்டுபோய் அந்தப் பெண்ணை நிறுத்தினார்.

இந்தக் கதை 1992இல் அர்ஜுன் டாங்ளே தொகுத்த 'பாய்சன்ட் பிரெட்' என்ற ஆங்கிலத் தொகுப்பில் வந்தது. நம் சிறுபத்திரிகை உலகில் தலித் இலக்கிய விவாதம் சூடாக இருந்த நேரம் அது. அந்தத் தொகுப்பை எதற்குப் பயன்படுத்தினோம்? முன்னுரையிலிருந்து கோட்பாட்டை எடுத்தோம். கவிதைகளை முழக்கமாக எடுத்தோம். கதைகளைச் சாட்சியமாக எடுத்தோம். பாகூல் ஒரு கதையை எங்கே தொடங்குகிறார், எங்கே நிறுத்துகிறார், தாயின் பார்வையிலிருந்து மகனின் பார்வைக்கு எந்த இடத்தில் தாவுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. மௌனியிடம் கேட்ட கேள்விகள்தானே இவை? தலித் எழுத்தாளர் என்றதும் அந்தக் கேள்விகளை ஏன் மடித்து வைத்தோம்? இதற்குப் பதில் சொன்னால் நம்மைப் பற்றியே கசப்பான சில விஷயங்களைச் சொல்லவேண்டி வரும். வாக்குமூலத்தைக் கேட்டு அனுதாபப்படுவது நமக்குச் சுலபம். ஒருவரைக் கலைஞர் என்று ஏற்றுக்கொண்டால் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

1972இல் மும்பையில் தலித் பேந்தர்ஸ் தொடங்கியபோது முன்னால் நின்ற நாம்தேவ் டசால், ராஜா டாலே, ஜ.வி. பவார் மூவரும் எழுத்தாளர்கள். அந்த இயக்கத்தின் பெயர் மதுரைக்கு வந்தது. இங்கே விடுதலைச் சிறுத்தைகளாக வளர்ந்தது. ஓர் இயக்கத்தின் பெயரையும் உணர்வையும் இவ்வளவு தூரம் கொண்டுவர முடிந்தது. அதே மனிதர்கள் புழங்கிய கதை உலகத்தைக் கொண்டுவர முடியாமற்போனதற்குத் தூரத்தைக் காரணம் காட்ட முடியாது.

மராத்தியே நமக்கு அந்நியமாக இருந்தது என்றாவது சொல்லலாமா? அதுவும் முடியாது. வி.ஸ. காண்டேகர் ஒரு காலத்தில் தமிழ் எழுத்தாளராகவே இருந்தார். கா.ஸ்ரீ.ஸ்ரீ.யின் மொழிபெயர்ப்பில் அவரைப் படிக்காத வாசகசாலை உறுப்பினர் இருந்திருக்க மாட்டார். அவருடைய கதாநாயகர்களின் லட்சியம், தியாகம், காதலில் அவர்கள் காட்டிய கண்ணியம் எல்லாம் இங்கே ஒரு தலைமுறையின் பேச்சுநடையையே மாற்றின. 1974இல் 'யயாதி'க்கு ஞானபீடம் கிடைத்தபோது நம் வீட்டு ஆளுக்குக் கிடைத்ததுபோல் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அப்போது மராத்திக் கதை காண்டேகரை விட்டு விலகி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1940களிலேயே கங்காதர் காட்கில், அரவிந்த் கோகலே, பு.பா. பாவே, வெங்கடேஷ் மாட்கூள்கர் போன்றவர்கள் 'நவகதா' என்று புதுப் பாதை போட்டுவிட்டார்கள். திருப்பமும் நீதியும் வைத்த கதையை ஒதுக்கிவிட்டு, 'சால்' எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் மூச்சுமுட்ட வாழும் கீழ்நடுத்தர வர்க்கத்தின் மனசுக்குள் போனார்கள். நாமோ புதுமைப்பித்தன், மௌனி போன்ற 'மணிக்கொடி' இதழ் எழுத்தாளர்கள் இங்கே செய்த அதே வேலையை அங்கே செய்தவர்களை விட்டுவிட்டு, மணிக்கொடி எழுத்தாளர்கள் எதை எதிர்த்தார்களோ அதை மராத்தியிலிருந்து இறக்குமதி செய்து கொண்டாடினோம்.

பிறகு ஒரு பெரிய இடைவெளி. அடுத்து நாம் மராத்தியைத் திறந்தபோது கையில் இருந்தது தலித் தன்வரலாறு. தயா பவாரின் 'பலுதா', சரண்குமார் லிம்பாளேயின் 'அக்கர்மாஷி', தமிழில் பலரும் படித்த லக்ஷ்மண் கெய்க்வாட்டின் 'உச்சல்யா'. இவை இங்கே செய்த நல்ல காரியங்களை மறுக்க முடியாது. காண்டேகரின் லட்சியவாதத்துக்கும் தன்வரலாறுகளின் ரணத்துக்கும் நடுவே, மராத்திச் சிறுகதை மிக விபரீதமான, துணிச்சலான, சில நேரம் ஆபாசமான சோதனைகளைச் செய்துகொண்டிருந்த ஆண்டுகள் முழுதும் நம் கணக்கில் வரவேயில்லை.

அந்த ஆண்டுகளில் நடந்தவை சுவாரசியமானவை. மும்பை கிர்காவிலிருந்து வந்துகொண்டிருந்த 'சத்யகதா' மாத இதழ்தான் மராத்தி இலக்கியத்தின் வாசற்படி. அதில் கதை வந்தால் எழுத்தாளர். 1960களின் கடைசியில் சிறுபத்திரிகை இளைஞர்கள் அந்த இதழையே தெருவில் வைத்துக் கொளுத்தினார்கள். ராஜா டாலே அதைக் கிழித்து எழுதிய கட்டுரை பெரிய கலகமாகியது. அதற்கு முன்பே 1950களின் நடுவில் அருண் கொலாட்கர், திலீப் சித்ரே, ரமேஷ் சமர்த் போன்றவர்கள் 'சப்த' என்ற சிறுபத்திரிகையைத் தொடங்கியிருந்தார்கள். நம் 'எழுத்து' 1959, 'கசடதபற' 1970. நம் சிறுபத்திரிகை வரலாற்றை எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! அந்த வரலாறுகளில் நம்மைப்போலவே மை தோய்ந்த கையோடு திரிந்த இந்த மும்பைக்காரர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறோமா?

பாவூ பாத்யே என்று ஒருவர். பத்திரிகைக்காரர், தொழிற்சங்க அனுபவம் உள்ளவர். 1965இல் 'வாசுநாக்கா' என்ற புத்தகம் எழுதினார். தெருமுனையில் நின்று பெண்களைக் கிண்டல் செய்து பொழுது போக்கும் சால் பையன்களின் கதைகள், அவர்களுடைய கொச்சையிலேயே. ஆச்சார்ய அத்ரே போன்ற பெரிய மனிதர் அதை ஆபாசக் குப்பை என்று பத்திரிகையில் வறுத்தெடுத்தார். அடுத்த ஆண்டே இங்கே ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேச'த்துக்கு வீட்டுக்கு வீடு சண்டை நடந்தது. இரண்டு சண்டைகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் ஒன்று புரிந்திருக்கும்: நம் கலகத்தில் ஒரு தாய் நடுவில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிப் பாவத்தைக் கழுவினாள்; பாத்யேயின் உலகத்தில் யாரும் யாரையும் கழுவுவதில்லை. 'வாசுநாக்கா'வில் இன்று படிக்கும்போது உறுத்தும் இடங்கள் உண்டு. பையன்களின் பார்வையை விட்டு நகராத அந்த எழுத்தில் பெண்களுக்கு வாயே இல்லை. அதையும் நாம்தான் அன்றே சொல்லியிருக்க வேண்டும்; படித்தால்தானே சொல்வதற்கு.

இங்கே ஒரு காரணத்தை மூடி மறைக்காமல் சொல்லிவிடலாம். 1966இல் சிவசேனா தொடங்கியது. 'மதராசி'களுக்கு எதிரான கூச்சலும் உடுப்பி ஹோட்டல்கள் மேல் விழுந்த கல்லும் மும்பைத் தமிழர் குடும்பங்களின் நினைவில் இன்னும் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் மராத்தி என்றால் நமக்கு அந்தக் கல்லின் மொழி. கோபம் நியாயம்தான். ஆனால் கல்லை எறிந்த பையன் யார், அவன் எந்தச் சாலில் வளர்ந்தான், அவனுக்கு ஏன் வேலை இல்லை, சாயங்காலம் அவன் எந்தத் தெருமுனையில் நிற்பான் என்பதையெல்லாம் மராத்தியிலேயே ஒருவர் ஈவிரக்கமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார். நம்மை அடித்தவனைப் புரிந்துகொள்ள நமக்கு இருந்த மிகச் சிறந்த வழி அந்த எழுத்து. கோபத்தில் அதையும் சேர்த்தே தூக்கி எறிந்தோம்.

இன்னொரு பக்கம் ஜீ.ஏ. குல்கர்னி. தார்வாடில் ஆங்கிலப் பேராசிரியர். கூட்டம், மேடை எதிலும் தலைகாட்டாதவர். 'காஜள்மாயா' தொகுப்புக்கு 1973இல் கிடைத்த சாகித்ய அகாதமி விருதைத் திருப்பிக் கொடுத்தவர். அவருடைய 'ஸ்வாமி' கதையில் வழிதவறிய பயணி ஒருவனை ஒரு மடத்தில் உபசரித்து, நிலத்தடி அறையில் அடைத்து, அங்கேயே அவனைத் தெய்வமாக்கிவிடுகிறார்கள். காஃப்காவைத் தமிழில் மொழிபெயர்த்து, உரை எழுதி, உரைக்கு உரை எழுதிய நமக்கு இந்தக் கதை இருப்பதே தெரியாமல் போனது.

விலாஸ் சாரங் விஷயத்தில் சாக்கே கிடையாது. கார்வாரில் பிறந்து, மும்பையிலும் இராக்கின் பஸ்ராவிலும் குவைத்திலும் ஆசிரியராக இருந்தவர். மராத்தியில் 'சோலேதாத்' தொகுப்பு 1975இல் வந்தது. ஆங்கிலத்திலும் தானே எழுதினார். 1990இல் அவருடைய கதைகள் பெங்குவின் வெளியீடாகவே வந்தன. மராத்தி தெரியாது என்று சொல்ல வழியில்லை. ஒரு கதையில், கரைக்கக் கொண்டுபோகும் பிள்ளையார் சிலைகள் கடற்கரையில் உயிர்பெற்றுத் தப்பி ஓடுகின்றன. இன்னொன்றில் மாலுமி ஒதுங்கும் தீவில் பெண்கள் பாதி உடலோடுதான் இருக்கிறார்கள். சிலருக்கு இடுப்புக்கு மேல் மட்டும், சிலருக்கு இடுப்புக்குக் கீழ் மட்டும். அவன் முதலில் எதைத் தேர்ந்தெடுக்கிறான், பிறகு எதை விரும்புகிறான் என்பதுதான் கதை. சிரிக்க வைத்துவிட்டு, சிரித்தவனையே குற்றவாளியாக்கும் கதை. இதே காலத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? கொலம்பிய நாவல் ஒன்றில் படுக்கை விரிப்போடு வானத்துக்கு ஏறிய ரெமேதியோஸைப் பற்றி அதிசயித்துக்கொண்டிருந்தோம். கொலம்பியாவின் மாய யதார்த்தம் ஆங்கிலம் வழியாக வரலாம். சௌபாத்தி கடற்கரையின் மாயம் அதே ஆங்கிலத்தில் வந்தால் கண்ணில் படாது. வெளிநாட்டு முத்திரை இல்லாத சரக்கை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை.

பெண்களின் எழுத்தில் இந்த அலட்சியம் இன்னும் பச்சையாகத் தெரிகிறது. கமல் தேசாய், கௌரி தேஷ்பாண்டே, மேக்னா பேட்டே, ஊர்மிளா பவார், பிரக்ஞா தயா பவார் என்று நீளும் வரிசை அது. ஊர்மிளா பவாரின் 'கவச்' கதையில் ஒரு தாய் சந்தையில் மாம்பழம் விற்கப் போகிறாள். பழத்தை வைத்து ஆண்கள் இரட்டை அர்த்தத்தில் பேசுவதைக் கேட்டு மகன் கூனிக்குறுகுகிறான்; அவளோ அதே இரட்டை அர்த்தத்தைத் திருப்பி எறிந்து அவர்களை ஓடவைக்கிறாள். பல்கலைக்கழகப் பாடத்தில் வைத்தபோது அது சர்ச்சையானது. மேக்னா பேட்டேயின் 'ஹம்ஸ் அகேலா' கதைகள், தனியாக வாழும் நகரத்துப் பெண்ணின் உடல் தேவைகளை மன்னிப்புக் கேட்காத குரலில் பேசுகின்றன. நம் அம்பை பல பத்தாண்டுகளாக அதே மும்பையில் வாழ்கிறார். பெண்களின் வரலாற்றை ஆவணப்படுத்தும் ஸ்பாரோவை 1988இல் அங்கேதான் தொடங்கினார். நாஞ்சில் நாடன் அங்கே வேலை பார்த்துத்தான் 'மிதவை'யின் உலகத்தைக் கண்டார். இவர்கள் இருவரின் மும்பையையும் ரசித்துப் படித்த நாம், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று இவர்களிடமாவது விசாரித்திருக்கலாம்.

'சத்யகதா' நின்றது 1982இல். தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும் அந்த ஆண்டு ஜனவரியில்தான். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடியவேயில்லை, ஆலைகள்தான் முடிந்தன. லால்பாக், பரேல், லோயர் பரேல் என்று ஆலைப் பகுதியான கிரண்காவ் முழுக்கக் குடும்பங்கள் சரிந்தன. பையன்கள் சிலர் தாதா கும்பல்களுக்குப் போனார்கள். ஆலை நிலங்களில் மால்கள் எழுந்தன. லோயர் பரேலின் பீனிக்ஸ் மில் இன்று பளபளக்கும் வணிக வளாகம். ஜயந்த் பவார் அந்தப் பகுதியில் வளர்ந்தவர். அந்தச் சரிவை முதலில் 'அதாந்தர்' நாடகமாக எழுதினார், பிறகு சிறுகதைக்கு வந்தார். 'பீனிக்ஸின் சாம்பலிலிருந்து எழுந்த மயில்' தொகுப்புக்கு 2012இல் சாகித்ய அகாதமி விருது. அவர் கதையில் ஆலை ஒரு சோக நினைவுச்சின்னமாக நிற்பதில்லை. கதைசொல்லியை நம்பலாமா என்ற சந்தேகம் கூடவே வருகிறது; ஒரு கதைக்குள் இன்னொன்று புகுந்து முதலாவதைக் கலைக்கிறது. நியாயம், அனுதாபம் என்று நாம் பிடித்துக்கொள்ளப் பார்க்கும் ஒவ்வொரு கம்பியும் கழன்று வருகிறது. கோவையிலும் மதுரையிலும் ஆலைகள் மூடியதைக் கண்ட நமக்கு இந்தக் கதைகள் யாரைவிடவும் நெருக்கமானவை.

பவார் 2021இல் இறந்தார். அடுத்த ஜனவரியில் அவர் கதையை வைத்து மகேஷ் மஞ்ச்ரேகர் எடுத்த படம் வந்தது. சிறுவர்கள் இடம்பெற்ற காட்சிகளுக்காக வழக்குவரை போனது. அந்தச் செய்தி நம்மில் பலருக்கும் தெரியும், கதை தெரியாது. மராத்தி சினிமா என்றால் நாம் சுறுசுறுப்பு. 'ஃபண்ட்ரி', 'கோர்ட்', 'சைராட்' மூன்றையும் அலசி ஆராய்ந்து, நம் இயக்குநர்கள் ஏன் இப்படி எடுப்பதில்லை என்று பக்கம் பக்கமாக எழுதினோம். 'ஃபண்ட்ரி', 'சைராட்' எடுத்த நாகராஜ் மஞ்சுளே கவிஞராகத்தான் தொடங்கினார். அந்தப் படங்களின் கண்ணுக்கு ஐம்பது அறுபது ஆண்டு மராத்திக் கதையின் பயிற்சி இருக்கிறது என்று நமக்குத் தோன்றவில்லை.

ஒரு சாக்கு மிச்சம் இருக்கிறது. மராத்தி விமர்சனமே சிறுகதையை மதிக்கவில்லையே, பாலசந்திர நெமாடே அதைத் தாழ்ந்த வடிவம் என்று ஒதுக்கினாரே என்பார்கள். ஒதுக்கினார்தான். அதற்குப் பிறகும் 2012இல் ஜயந்த் பவார், 2016இல் மராத்வாடா கிராமங்களை எழுதிய ஆசாராம் லோமட்டே, 2021இல் கிரண் குரவ் என்று பத்தாண்டுக்குள் மூன்று முறை அகாதமி விருது சிறுகதைத் தொகுப்புக்கே போனது. மனஸ்வினி லதா ரவீந்திரா போன்ற இளையவர்கள் தொலைக்காட்சிக்கும் எழுதிக்கொண்டு, உறவுகளில் புதிதாக முளைத்த பொய்களையும் எழுதுகிறார்கள். எல்லாமே நல்ல கதைகள் என்று சொல்லவில்லை. அதிர்ச்சிக்காகவே எழுதி அலுத்துப்போகும் கதைகள் அங்கேயும் ஏராளம், இங்கே இருப்பதைப் போலவே.

இந்தக் கதைகள் வளர்ந்த இடங்களில் முக்கியமானது தீபாவளி மலர். 1909இல் 'மனோரஞ்சன்' தொடங்கிவைத்த வழக்கம். இன்றும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் வருகின்றன. நம் தீபாவளி மலரில் தெய்வப் படமும் பட்சணக் குறிப்பும் போக மிஞ்சும் பக்கத்தில் கதை வரும். அங்கே பல மலர்களில் கதைதான் மலர். நாற்பது பக்கக் கதையைத் துண்டு போடாமல் அப்படியே போடுவார்கள். ஜயந்த் பவாரைப் போன்றவர்களுக்கு அந்த நீளம் கிடைத்தது அப்படித்தான். பாகூலின் முதல் தொகுப்பு ஆங்கிலத்துக்கு முழுதாக வர 2018 ஆகியது, ஜெர்ரி பிண்டோவின் மொழிபெயர்ப்பில். இப்போது அதைத் தமிழுக்குக் கொண்டுவர ஆங்கிலம் தெரிந்த ஒருவர் போதும். பவாரின் நெடுங்கதைகளுக்கு மராத்தி தெரிந்தவர் வேண்டும்; தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மராத்திப் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர் ஒரு கதையை மொழிபெயர்த்து அனுப்பினால், 'கதை நன்றாக இருக்கிறது, எட்டுப் பக்கத்துக்குள் சுருக்கித் தர முடியுமா?' என்றுதான் நம் இதழ்களிலிருந்து இன்றைக்கும் பதில் போகும்.